"அதை மட்டும் இங்க சொல்லாதீங்கம்மா"

"என் நிலத் தகராறு உங்க கோர்ட்லதான்மா நடக்குது..." என்று அந்த அம்மா ஆரம்பித்ததுமே நீதிபதி சட்டென்று கையை உயர்த்தினார்.

"அதை மட்டும் இங்க சொல்லாதீங்கம்மா. எதிர்த்தரப்பு இல்லாம நான் கேட்கக் கூடாது."

இன்று எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் சட்ட விழிப்புணர்வு முகாம். வந்திருந்தவர் சார்பு நீதிபதி. கறுப்பு அங்கி இல்லை, சாதாரணப் பருத்திப் புடவை.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. கையில் மஞ்சப்பை, அதற்குள் பழுப்பேறிய பத்திரங்கள்.

நீதிபதி மேடையை விட்டு இறங்கி வந்தார். வக்கீல் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். இல்லையாம்.

பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்று பொறுமையாக விளக்கினார். 15100 என்ற உதவி எண்ணைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தந்த உரிமை இது. கூடத்தில் இருந்த எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இன்றுதான் தெரிந்தது.

நீதிபதி என்றால் ஊரோடு ஒட்டாமல் இருப்பதுதான் சரி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரே நிமிடத்தில் எங்கே விலக வேண்டும், எங்கே நெருங்க வேண்டும் என்று இரண்டையும் அவரிடம் பார்த்துவிட்டேன்.

அந்த அம்மா தாளை நாலாக மடித்துப் பத்திரங்களுக்கு மேலே வைத்துக்கொண்டார்.