பச்சை விளக்கும் 58-ம்

சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பச்சை என்பது தெரிகிறது. பச்சை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் வரமாட்டேன் என்கிறது. பின்னால் ஹாரன். பின் சீட்டிலிருந்து மகள், "அப்பா, பச்சை." மூன்று முறை சொன்னாளாம். எனக்குக் கேட்டது ஒன்றுதான்.

எப்படியோ சிக்னலைத் தாண்டி ஓரம் கட்டினேன். எனக்குச் சர்க்கரை நோய். விரலைக் குத்தி சுகர் மீட்டரில் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே 'லோ', அதாவது ரத்தத்தில் சுகர் தேவைக்குக் குறைவு. மதியச் சாப்பாட்டுக்கு வழக்கமான அளவு இன்சுலின் ஊசி போட்டிருந்தேன், பாதிச் சாப்பாட்டில் ஒரு போன் வந்தது, எழுந்து போனவன் திரும்பி உட்காரவே இல்லை. ஊசி மட்டும் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வாரம்தான் என் மூன்று மாத சுகர் சராசரியைக் காட்டும் HbA1c 6.4 சதவீதம் என்று டாக்டர் பாராட்டியிருந்தார். சராசரிதானே. அடிக்கடி கீழே விழுந்தாலும் அந்த எண் அழகாகத்தான் இருக்கும்.

இந்த நேரம் பார்த்து லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மைத்துனன் போனில் சொன்னான்: "மாமா, சுகர்னு எங்கேயும் வாயைத் திறக்காதீங்க. கொடுக்க மாட்டாங்க." நானும் பல வருடங்களாக அப்படித்தான் நினைத்திருந்தேன். படிவத்தை எடுத்துப் படித்தபோதுதான், சட்டத்தின் கவலை வேறு இடத்தில் இருப்பது புரிந்தது. இந்தியாவில் நாமே எழுதிக் கொடுக்கும் படிவம் 1 கேட்பது இது: வலிப்போ, எந்தக் காரணத்தாலாவது திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உங்களுக்கு உண்டா? அந்த 'எந்தக் காரணத்தாலாவது' என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. எனக்கு மயக்கம் வரவில்லைதான். ஆனால் பச்சை விளக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு என்ன பெயர்?

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழும் வேண்டும், படிவம் 1ஏ. அதோடு டாக்டரிடம் போனேன். "வண்டி ஓட்டும்போது எப்பவாவது லோ ஆகியிருக்கா?" என்று கேட்டார். போன வருடமும் இதையேதான் கேட்டார், அப்போது இல்லை என்று சொன்னேன். அது உண்மையும் கூட. இந்த முறை சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். லோ ஆகும் முன் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா என்பதுதான் அவருடைய முக்கியமான கேள்வி. வருடக்கணக்கில் ஊசி போடுகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை மணி மெல்ல மெல்ல மங்கிப்போகலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் நடுக்கத்தை மறைக்கும். மணியே அடிக்கவில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. எனக்கு அன்று வியர்த்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அடித்த மணியைக் கவனிக்காதது என் தப்பு. ஊசி அளவைக் குறைத்து, சில வாரங்கள் அளவுகளை எழுதிக் கொண்டுவரச் சொல்லி, அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அதுவரை மனைவிதான் ஓட்டினாள்.

எல்லா சர்க்கரைக்காரர்களுக்கும் இந்தக் கதை பொருந்தாது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு லோ ஆவது அபூர்வம். ஊசி போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரை எடுப்பவர்களும்தான் கவனிக்க வேண்டும். கண்ணும் காலும் தனிக் கணக்கு: விழித்திரை கெட்டிருந்தாலோ, பாதம் மரத்து பிரேக் எவ்வளவு அமுங்குகிறது என்பது தெரியாமல் போனாலோ, சுகர் அளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

தினசரி நடைமுறைக்கு நான் பின்பற்றுவது பிரிட்டன் விதி. என்ன செய்ய வேண்டும் என்பதை நிமிடக் கணக்கோடு அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஊசி போடுபவர் லைசென்ஸ் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். லைசென்ஸ் ஒன்று முதல் மூன்று வருடத்துக்குத்தான். கிளம்புவதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தடவை சுகர் பார்த்திருக்க வேண்டும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவர்கள் அளவில் ஐந்துக்கு மேல் இருந்தால் கிளம்பலாம், நம் மீட்டரில் அது 90. அதற்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட வேண்டும். 72-க்குக் கீழே என்றால் சாவியைத் தொடவே கூடாது. விழித்திருக்கும்போது, இன்னொருவர் உதவியில்லாமல் மீள முடியாத லோ ஒரு வருடத்தில் இரண்டு முறை வந்தால், ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் துறைக்குச் சொல்ல வேண்டும். லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு இதைவிடக் கடுமை. அமெரிக்காவில் ஊசி போடும் லாரி டிரைவர்களை விசேஷ விலக்கு இல்லாமல் மாநிலம் தாண்டி ஓட்ட விடாமலே வைத்திருந்தார்கள். 2018-ல்தான் அந்த விதியை மாற்றினார்கள். இப்போது மூன்று மாத சுகர் பதிவைக் காட்டி, டாக்டர் ஒப்புக்கொண்டால் ஓட்டலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிரிட்டன் விதியின் இன்னொரு பகுதி. ஓட்டும்போது லோ ஆனால் வண்டியை நிறுத்து, இன்ஜினை அணை, சாவியை எடு, டிரைவர் சீட்டை விட்டு நகரு. அளவு ஏறிவிட்டாலும் 45 நிமிடம் ஓட்டாதே. மீட்டர் சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகும் மூளை தெளிய நேரம் பிடிக்கும் என்பதால்.

சீட்டை விட்டு நகர்வதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன மாதம் மறுபடி ஒரு தடவை லேசாகக் கை நடுங்கியது. இந்த முறை உடனே ஓரம் கட்டினேன். 66. க்ளூக்கோஸ் மாத்திரை டப்பா கதவுப் பையிலேயே இருக்கிறது, முன்பு போல டிக்கியில் இல்லை. மென்று விழுங்கிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம் கழித்துக் குத்திப் பார்த்ததில் 97. கை சும்மா இருக்கவில்லை, சாவியைத் தடவிப் பார்த்தது. ஆனாலும் கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வழியே போன பெரியவர் ஒருவர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். "யாருக்காகப்பா காத்துக்கிட்டிருக்கே?"

"டிரைவருக்குத்தாங்க ஐயா. இன்னும் இருபது நிமிஷத்துல வந்துடுவார்."