கரப்பானுக்கு ஊசி மேல் பழி

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் குழந்தைக்கு உடம்பில் எது வந்தாலும் முதலில் பழியில் மாட்டுவது தடுப்பூசிதான். தங்கச்சி பையனுக்குக் கன்னம் சிவந்து, சொரசொரவென்று ஆகி, நீர் கசிய ஆரம்பித்ததும் அவள் மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார்: “கவர்மென்ட் ஊசி போட்டதுல இருந்துதான் இந்தக் கரப்பான். காசு போனா போகுதுன்னு வலிக்காத ஊசி போட்டிருக்கணும்.”

அந்தம்மாவைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் ஊசி அட்டவணையும் அலர்ஜி தலைகாட்டும் வயசும் அப்படி ஒட்டிக்கொண்டே போகின்றன. ஆறு, பத்து, பதினாலு வாரத்தில் பென்டா, அதாவது ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி. கரப்பான் என்கிற தோல் அலர்ஜியும் பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே வந்துவிடும். திட உணவு தொடங்கிய பிறகுதான் முட்டை அலர்ஜி வெளியே தெரியும், அப்புறம் ஒன்பது மாசம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்ஆர் ஊசி வந்து நிற்கும். எந்த மாசம் எது வந்தாலும் பக்கத்தில் ஒரு ஊசி இருக்கும். ஊசியே போடாத குழந்தைக்கும் அதே வயசில்தான் கரப்பான் வரும், அதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

இந்த வலிக்கிற ஊசி, வலிக்காத ஊசி விஷயம்தான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடும் பென்டாவில் கக்குவான் இருமல் கிருமியைக் கொன்று முழுசாகச் சேர்த்திருப்பார்கள். தனியார் கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு போடுவதில் அந்தக் கிருமியின் சில புரதங்கள் மட்டும் இருக்கும். முழுக் கிருமி என்பதால் முதல் வகையில் காய்ச்சலும் தொடை வீக்கமும் அதிகம். ராத்திரி முழுக்க அழும், பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். ஆனால் அது அலர்ஜி இல்லை. ஆஸ்திரேலியா 1990களின் கடைசியில் முழுக் கிருமி உள்ள பழைய வகையிலிருந்து புரதம் மட்டும் உள்ள புதிய வகைக்கு மாறியது. அந்தச் சமயத்தில் பிறந்த பிள்ளைகளை வைத்து ஒப்பிட்டு 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உணவு அலர்ஜி இல்லாதவர்களைவிட அது உள்ளவர்களில், முதல் டோஸாகப் பழைய ‘வலிக்கிற’ வகையைப் போட்டுக்கொண்டவர்கள் குறைவாகத்தான் இருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை, இதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது, ஆனால் மாமியார் சொன்னதற்கு நேர் எதிர்த் திசை.

படித்தவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். 1989இல் ஸ்ட்ராகன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அண்ணன் அக்கா நிறைய உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மூக்கு அலர்ஜி குறைவு, சின்ன வயசில் தொற்றுகள் வந்துபோவதுதான் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அப்படியென்றால் நோயைத் தடுக்கிற ஊசி அலர்ஜியை வளர்க்காதா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசி தடுப்பது தொண்டை அடைப்பான், ரணஜன்னி மாதிரி ஆளையே தூக்குகிற சில நோய்களை மட்டும்தான், மண்ணிலும் மாட்டுக் கொட்டகையிலும் இருக்கிற ஆயிரம் கிருமிகளை இல்லை. காசநோய்க்கான பிசிஜி ஊசி போட்டால் அலர்ஜியே குறையுமோ என்றுகூட டென்மார்க்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். கரப்பான் விஷயத்தில் சொல்லிக்கொள்கிற அளவுக்கு ஒன்றும் குறையவில்லை. கூடவும் இல்லை.

ஊசியைத் திட்டுகிற அதே வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் கண் எரிகிற அளவுக்குச் சாம்பிராணி போடுவார்கள், ராத்திரி கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி. வெளியே கன்டெய்னர் லாரிப் புகை, காற்று திரும்பினால் மணலி ஆலைகளின் நாற்றம், கொடுங்கையூர் குப்பை எரிந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். புகை இளைப்பைக் கிளப்பும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் அதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஊசிக்கே கடுமையான அலர்ஜி வருவதும் உண்டு. பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்கிற அளவில், பெரும்பாலும் போட்ட கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும். நர்ஸ் அக்கா அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொல்வது அதற்குத்தான், பாதிப் பேர் ஆட்டோ நிற்கிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் பையனுக்கு இப்போது முட்டையும் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் எம்ஆர் வேண்டாமே என்று வீட்டில் அடுத்த பேச்சு. முட்டை அலர்ஜி இருந்தாலும் தட்டம்மை ஊசி போடலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வருகிற புதன்கிழமை தங்கச்சியோடு நானும் போகிறேன், மாமியாரும் வருகிறாராம்.