வராமல் போனவர்கள்: ஒரு மார்த்தாண்டம் ஸ்டூடியோ நாட்குறிப்பு

அக்டோபர் 19, 2024, சனி

காலை எட்டரைக்கே ஏசியைப் போட்டு அறையை உலர வைத்தேன். இந்த ஐப்பசி மழையில் சுவர்கூட வேர்க்கிறது, கண்டென்சர் மைக்குக்கு ஈரம் ஆகவே ஆகாது. இன்று முழு நாள் புக்கிங். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலைக்காரர் ஒருவர், மலையாளத்தில் இரண்டு, தமிழில் ஒன்று என்று மூன்று பக்திப் பாட்டு பதிவு செய்ய வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்பே தேதி கேட்டு வாங்கியிருந்தார்.

புல்லாங்குழல்காரர் நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வந்து, அங்கே பஸ் மாறி, ஒன்பதுக்கு முன்பே வந்துவிட்டார். தபலாக்காரர் நாகர்கோவிலிலிருந்து வந்தார். பாட்டுக்காரர் மட்டும் வரவில்லை. பத்து மணிவரை போன் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு ஸ்விட்ச் ஆஃப்.

குழல்காரர் பையிலிருந்த குழல்களை எடுத்துத் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டதை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதை நான் கேட்டபிறகுதான் சொன்னார். இரண்டு பேருக்கும் பஸ் காசும் பாதிக் கூலியும் என் கையிலிருந்து கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார்கள், கட்டாயப்படுத்தினேன். இதே சனிக்கிழமையைக் கேட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்று சொன்னவனும் நான்தான். அது மனதை ரொம்ப அறுக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

கோவிலுக்குப் போய்விட்டு வந்து போனைப் பார்த்தால் வாய்ஸ் மெசேஜ். "சேட்டா, ஞான் மறந்து போயி." அவ்வளவுதான். பதில் போடவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

புக்கிங் நோட்டை எடுத்து ஜூன் முதல் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மொத்தம் 46 புக்கிங். சொல்லாமல் வராமல் போனது 9. அந்த ஒன்பதில் எட்டு பேரிடம் நான் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் வாங்கவில்லை. பத்து நாளுக்கு மேல் முன்கூட்டித் தேதி வாங்கியவர்களே அதில் அதிகம். அட்வான்ஸ் கேட்டால் ஆள் ஓடிவிடும் என்று பயந்தேன். ஆனால் ஓடிப்போனவர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் நான் கேட்காமல் விட்டவர்கள்.

இன்னொன்றும் உறைத்தது. நம் ஊரில் கல்யாணத்துக்குக் கார்டு கொடுத்தபிறகும் முந்தின நாள் ஒரு தடவை கூப்பிட்டு "நாளைக்கு வந்துருங்க" என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால்தான் அழைப்புக்கே மரியாதை. நான் மட்டும் மூன்று வாரம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, வருவார்கள் என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்திருக்கிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

இன்றும் ஒரு குழு வரவில்லை. ஆனால் இதை சனிக்கிழமை நடந்ததோடு சேர்த்து எழுத மனம் ஒப்பவில்லை.

குலசேகரம் பக்கத்துச் சின்ன சபை ஒன்றின் பாடகர் குழு, 12 பேர், கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று. காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஒன்பதரை ஆகியும் ஒருவரும் இல்லை. கோபம் தலைக்கு ஏறியது. குழுவை நடத்தும் அக்கா பன்னிரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார். பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. "தப்பு எங்க மேலதான் மக்களே. ஒரு வாரமா மழை. ராத்திரி வெளுத்துட்டு. எல்லாரும் பால் வெட்டப் போயிட்டாவ. தோட்டத்துல போன்ல டவர் கெடயாது."

என் அப்பா முப்பது வருஷம் ரப்பர் வெட்டியவர். எனக்கு இது தெரியாத விஷயமா? மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் வெட்டின கோட்டில் நிற்காமல் மரம் முழுக்கப் பரவி வழிந்துவிடும். சிரட்டையில் விழுந்த பாலும் மழைத் தண்ணீரோடு போய்விடும். அதனால் பிளாஸ்டிக் மறைப்பு கட்டாத மரங்களில் மழை நாளில் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. மழை விட்டு வானம் வெளுத்த அன்று இருட்டோடு போய்விட வேண்டும், வெயில் ஏற ஏற மரம் பால் கொடுப்பது குறையும். வெட்டி முடித்து, பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து வீடு திரும்ப மத்தியானம் ஆகும். ஒரு வாரம் கூலி இல்லாமல் இருந்தவர்கள் எட்டு மணிக்கு என் ஸ்டூடியோவில் வந்து நிற்க முடியுமா? பால் வெட்டுகிறவர்களுக்குக் காலை நேரத்தைக் கொடுத்தது என் தப்பு. கேட்காமலே கொடுத்தேன். தப்பு எங்கள் மேல் என்று அவர் அழுததை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

"அக்கா, மூணரைக்கு வாங்க, இன்னைக்கே எடுப்போம்" என்றேன். ஒரு வேன் பிடித்துப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். குளித்துவிட்டு வந்திருந்தாலும் கையில் ரப்பர் பால் வாசனை போகவில்லை. அந்த வாசனையில் எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடிய இரண்டு பெண்களும் தோட்டத்தில் ஒருவரை ஒருவர் கூவி அழைத்துப் பழகிய குரல்காரர்கள். மைக்கை இரண்டடி தள்ளி வைக்க வேண்டியிருந்தது. நான்காவது டேக் ஓகே. தனியாகப் பணம் எதுவும் வாங்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

குழித்துறை கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணும் நண்பனிடம் விதிமுறைகளை எழுதிக் காட்டினேன். "வராவிட்டால் அபராதம் 5,000 ரூபாய்" என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்தான். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74ஆம் பிரிவு இருக்கிறது. பேசி எழுதிக்கொண்ட தொகை எவ்வளவாக இருந்தாலும், வழக்கு என்று வந்தால் அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்குமாம். பயமுறுத்துவதற்காகப் பெரிய தொகை போட்டால் நிற்காது. "உனக்கு நெசமா என்ன நஷ்டமோ அதக் கணக்குப் போடு" என்றான்.

போட்டுப் பார்த்தேன். நான்கு மணி நேர கால்ஷீட்டுக்கு என் ரேட் 2,400. கரண்ட், உதவிக்கு வரும் தம்பியின் கூலி, அந்த நேரத்துக்கு வேறு ஆளைத் திருப்பி அனுப்பியது எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய பாதி. சரி, பாதிப் பணம் அட்வான்ஸ். அது வந்தபிறகுதான் நோட்டில் பெயர் ஏறும். இரண்டு நாள் முன்பு சொன்னால் தேதி மாற்றிக்கொள்ளலாம், பணம் அப்படியே இருக்கும். சொல்லாமல் வராவிட்டால் திரும்பாது. வாத்தியக்காரர்களின் கூலி மட்டும் முழுதாக முன்பே வர வேண்டும், வராதவரின் நஷ்டம் அவர்கள் தலையில் விழக்கூடாது.

தொண்டை கட்டினால் அன்று காலை சொன்னாலும் போதும் என்று வைத்தேன். சளிக் குரலில் எடுத்த பாட்டை எந்த மிக்ஸிங்கும் காப்பாற்றாது. சுருதியைத் திருத்தலாம், அடைத்த மூக்கைத் திருத்த முடியாது. துக்க வீடு என்றால் எந்தக் கேள்வியும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் நானே போன் பண்ணுவது என்றும் முடிவு. மெசேஜ் போதாது, குரலில் பேச வேண்டும்.

நவம்பர் 1, வெள்ளி

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், இங்கே லீவு. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளப் பிறவி. 1956இல் ஒரே நாளில் நடந்த காரியம்.

பாறசாலைக்காரர் கூப்பிட்டார். நவம்பரில் ஒரு தேதி வேண்டுமாம். புது ஏற்பாட்டைச் சொன்னேன். "சேட்டனு என்னெ விஸ்வாசம் இல்லே?" என்றார், குரல் சுருங்கிவிட்டது. நானும் நயமாகத்தான் பேசினேன், ஆனால் குழல்காரர் அன்று கல்யாண ரிசப்ஷனை விட்டுவிட்டு வந்ததை மறைக்காமல் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குழல்காரரின் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வைத்துவிட்டார்.

இரவு குழல்காரர் கூப்பிட்டு, முழுக் கூலியும் ஜிபேயில் வந்துவிட்டது என்றார். நான் கொடுத்த பாதியைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார். தபலாக்காரரிடம் சேர்க்கச் சொன்னேன். பாறசாலைக்காரரிடமிருந்து அட்வான்ஸ் இன்னும் வரவில்லை.

நவம்பர் 7, வியாழன்

நாளை மறுநாள் ஐயப்பன் பாட்டுக்குப் புக் செய்திருந்த குழுவுக்காரர் காலையிலேயே அழைத்தார். வீட்டில் பெரியப்பா தவறிவிட்டாராம். தீட்டு கழியாமல் சாமி பாட்டுப் பாட மாட்டார்கள். அட்வான்ஸ் இருக்கட்டும், எப்போது முடிகிறதோ அப்போது வாங்க என்றேன். அந்தத் துக்கத்திலும் ஞாபகம் வைத்துச் சொன்னாரே.

சனிக்கிழமை மத்தியானம் காலியாக இருக்கிறது என்று குலசேகரம் அக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டாவது பாட்டும் தயாராகத்தான் இருக்கிறதாம். "எத்தனை மணிக்கு மக்களே?" என்றார். எத்தனை மணி தோதுப்படும் என்று நான் கேட்டேன். மூன்றரை.