அந்த ராணியை நான் வைக்கிறேன்

அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து என் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்த சதுரங்கக் கட்டம். அடியில் என் கையெழுத்தில், "ஜெயிக்க வேண்டிய ஆட்டம்."

1988 ஐப்பசி. அந்த வருஷம்தான் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதற்கான வெற்றி மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் நடந்த போட்டியில் கிடைத்தது என்பதால், குன்னூரில் எங்கள் விடுதிக்கே செஸ் பைத்தியம் பிடித்திருந்தது. மழை விடாது, மைதானம் சேறு, கரண்ட் இருக்காது. எங்கள் அறைப் பெட்டியில் வெள்ளைக் குதிரை ஒன்று தொலைந்துபோய், அதற்குப் பதில் கற்பூர மரக் காய், அதாவது யூகலிப்டஸ் காய் ஒன்றை வைத்திருந்தோம். நாலு விளிம்போடு நீலச்சாம்பல் பூத்த காய். தொட்டால் விரலில் தைல வாசனை ஒட்டிக்கொள்ளும். சாப்பிட உட்கார்ந்தாலும் போகாது.

என் அறைத்தோழன் வெள்ளை. அவனுடைய ராணி ஏ4-இல், அந்தக் காய்க்குதிரை ஜி5-இல், ராஜா எச்1 மூலையில், முன்னால் ஜி2, எச்2 சிப்பாய்கள். என் ராஜா ஜி8, யானை எஃப்8, ராணி பி2, சிப்பாய்கள் ஜி7, எச்7. ஓரத்தில் ஆளுக்கொரு சிப்பாய் இருந்தது, அதற்கு இதில் வேலையில்லை. யானையை எஃப்1-க்கு இறக்கினால் மேட். ஆனால் முறை அவனுடையது.

ராணியை சி4-க்குக் கொண்டுவந்து செக் வைத்தான். நான் எச்8-க்கு ஒதுங்கினேன். குதிரை எஃப்7, செக். திரும்ப ஜி8. குதிரை எச்6; ராணியும் குதிரையும் சேர்ந்து இரட்டைச் செக். மறுபடி எச்8. மறுபடி எஃப்7. ஒரே நிலை மூன்று முறை வந்ததும் டிரா. மணி அடித்தது, போய்விட்டோம். எனக்கு ஆறவேயில்லை. ஒரே ஒரு மூவ் கிடைத்திருந்தால் வென்றிருப்பேன் என்று வருஷக்கணக்காக அவனிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன், அவன் கல்யாணப் பந்தியில்கூட.

போன மாதம் டொராண்டோவில் அதே நிலையை அடுக்கி, இரட்டைச் செக் வரை ஆடி நிறுத்தினேன். குதிரை எச்6, என் ராஜா எச்8. இப்போது ராணியை என் ராஜாவுக்குப் பக்கத்திலேயே, ஜி8-இல் கொண்டுபோய் வைத்தால்? ராஜா எடுக்க முடியாது, குதிரையின் காவல் இருக்கிறது. யானைதான் எடுத்தாக வேண்டும். எடுத்ததும் அந்த யானையே ராஜாவின் கடைசி வழியை அடைத்துக்கொள்கிறது. குதிரை எஃப்7-க்குத் திரும்பினால் செக். பக்கத்தில் என் யானை, முன்னால் என் சிப்பாய்கள், நகர ஒரு கட்டம் இல்லை. மேட்.

தப்ப வேறு வழி இருந்ததா என்று இரவு வெகுநேரம் தேடினேன். முதல் செக்குக்கு யானையை எஃப்7-இல் குறுக்கே போட்டால் ராணி அதை வெட்டும். நான் எச்8 போனதும் எஃப்8-இல் மேட். எஃப்7-க்கு வந்த குதிரையை யானையால் வெட்டினால் ராணி சி8-இல் செக் வைக்கும். யானை எஃப்8-க்குத் திரும்பித் தடுத்தால் அதையும் வெட்டி மேட். பி2-இல் நின்ற என் ராணியால் எதற்குமே உதவிக்கு வர முடியவில்லை. 1497-இல் ஸ்பெயினில் அச்சான சதுரங்கப் புத்தகத்திலேயே இந்த மேட் இருக்கிறது. எங்கள் விடுதியில் செஸ் புத்தகம் என்று ஒன்றுகூட இருந்ததில்லை.

சி4-க்கு ராணி வந்தபோதே நான் தோற்றுவிட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் அவனை நான் குறை சொன்னது தப்பு.

விடிந்ததும் கோத்தகிரிக்குப் போன் போட்டேன். "ராணியையா கொடுக்கணும்?" என்று இரண்டு முறை கேட்டான். "அன்னிக்கு அதை மட்டும் யோசிக்கவே இல்லடா. இருக்கிறதே அது ஒண்ணுதான்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்." பலகையில் காய்களை அடுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நீ மிச்சத்தை ஆடிடாத. டிசம்பர்ல வர்றல்ல? அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும். அந்த ராணியை நான் வைக்கிறேன்."

கற்பூர மரக் காய் ஒன்றைப் பொறுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.