இரண்டு மணி மாவு

ஜூன் 3, 2025, செவ்வாய்

பள்ளி திறந்துவிட்டது. மகள் பத்தாம் வகுப்பு. புது வகுப்பாசிரியைக்கு வருடா வருடம் நான் எழுதும் கடிதத்தை இந்த முறை அவளே எழுதினாள். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

"எனக்குக் கிளைக்கோஜன் சேமிப்பு நோய், வகை 1ஏ. சேமித்த சர்க்கரையை என் கல்லீரலால் ரத்தத்துக்கு விட முடியாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நான் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. பதினொரு மணிக்கு ஒரு பாட்டிலிலிருந்து வெள்ளையாக ஒன்றைக் குடிப்பேன். பச்சைத் தண்ணீரில் கலக்கிய கார்ன்ஃப்ளார் மாவு அது. தலை சுற்றுகிறது என்று சொன்னால் சாக்லேட், சர்க்கரை எதுவும் வேண்டாம், என் பையில் இருக்கும் குளுக்கோஸ் பொடியைக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்."

சர்க்கரை வேண்டாம் என்ற வரியைத்தான் எல்லாரும் நம்ப மறுக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் சர்க்கரைதானே கொடுக்க வேண்டும் என்கிறார்கள். நாம் டீயில் போடும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. இவள் கல்லீரலால் அதைக் குளுக்கோஸாக்கி ரத்தத்துக்கு அனுப்ப முடியாது, லாக்டிக் அமிலமாகத்தான் போகும். பழமும் பாலும் அப்படித்தான். மாம்பழக் காலத்தில் எங்கள் வீட்டில் மாம்பழம் வாங்குவதில்லை. வாங்க வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்குத்தான் மனசு வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சின்ன மாமா வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் பந்திக்கு உட்காரும் முன்பே பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். "பதினஞ்சு வயசாச்சே, இன்னும் சடங்கு சுத்தலையா? டாக்டர்ட்ட காட்டினியா?" மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

இந்த நோயில் வளர்ச்சி மெதுவாகத்தான் வரும், பூப்படைவதும் தள்ளிப் போகும், சர்க்கரை சீராக இருந்தால் அதெல்லாம் தானாக வரும் என்று மருத்துவர் எங்களுக்கு எப்போதோ விளக்கிவிட்டார். பெரியம்மாவுக்கு அதைச் சொன்னேன். அடுத்ததாக அவர், "எப்படியும் மாமன் பையன் இருக்கான், கவலை என்ன?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் மாமன் மகன், அத்தை மகள். பதினேழாவது குரோமோசோமில் இருக்கும் ஒரே மரபணுவில் எங்கள் இருவருக்கும் ஒரே பழுது. எங்கள் தாத்தா வழியாகவோ பாட்டி வழியாகவோ வந்திருக்கும். ஆளுக்கு ஒரு நல்ல நகல் இருப்பதால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பழுதான இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முறைப்பையனிடமும் அதே பழுது இருக்கலாம். "அந்தப் பேச்சே நம்ம வீட்டில் இனி வேண்டாம் பெரியம்மா, மற்ற பிள்ளைகளுக்கும் சொந்தத்தில் பேசும் முன்னால் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டும். இதைச் சொல்ல வேண்டிய இடம் கல்யாண மண்டபம்தான், சொந்தம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

வரும்போது காரில் மகள் கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணாம இருந்திருந்தா நான் இல்ல, இல்லையா?" ஆமாம் என்றார் அவர். "அப்ப சரி" என்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

ஜூலை 12, சனி

வேலூர் போய் வந்தோம். கல்லீரல் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. பதின்ம வயதிலிருந்து அடினோமா என்ற கட்டி வர ஆரம்பிக்கும், சிலருக்கு நாளடைவில் அது புற்றுநோயாகவும் மாறலாம். அதனால் ஸ்கேன் அறைக்கு வெளியே உட்காரும் நேரம் எனக்கு ஒவ்வொரு வருடமும் கனமாகிக்கொண்டே போகிறது. யூரிக் அமிலம் கூடியிருக்கிறது, அதற்கான அலோபியூரினால் மாத்திரை தொடரும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு குறைந்திருக்கிறது. எடை 38 கிலோ. மாவு ஒரு வேளைக்கு 65 கிராம்.

முதல் தடவையாக மருத்துவர் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னது மரபணு சிகிச்சையைப் பற்றி மட்டும். வைரஸ் ஒன்றின் வழியாக நல்ல மரபணுவைக் கல்லீரலுக்குள் அனுப்பும் சிகிச்சை அது. மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2024இல் வந்தது: 48 வாரங்களில் மாவின் அளவை 41 சதவீதம் குறைக்க முடிந்திருக்கிறது, மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்கு 10 சதவீதம். "இங்க வர நாளாகும், அதுவரைக்கும் கல்லீரலைப் பத்திரமா வச்சுக்கோன்னு சொன்னார்" என்றாள்.

பஸ்ஸில் ஃபோனில் எதையோ படித்துக்கொண்டே வந்தாள். இவளிடம் இல்லாத அந்த நொதியின் பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ். சேமித்த குளுக்கோஸைக் கல்லீரலிலிருந்து வெளியே விடும் கடைசிப் படி அதனுடையது. இந்த நோயில் இல்லாமல் போவது அதுதான் என்று 1952இல் கண்டுபிடித்தவர்கள் கெர்ட்டி கோரியும் அவர் கணவர் கார்ல் கோரியும். பிறவி வளர்சிதை நோய் ஒன்றுக்குக் காரணமான நொதியைக் கல்லீரலில் கண்டறிந்தது அதுவே முதல் தடவையாம். "நோபல் வாங்கினவங்கம்மா" என்று அந்த அம்மாளின் படத்தைக் காட்டினாள். பச்சை மாவை மருந்தாகக் கொடுக்கலாம் என்ற ஆய்வு வந்தது 1984இல். அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டு இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் இறக்குவார்கள். அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

காய்ச்சல், வாந்தி. குடித்த மாவு நிற்கவில்லை. இரண்டாவது வாந்திக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பது எங்கள் விதி, ராத்திரி பதினொன்றுக்கே பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விட்டோம். மீட்டரில் சர்க்கரை 52. ஆனால் பிள்ளை சாதாரணமாகப் பேசுகிறாள், நடக்கிறாள். ரத்தத்தில் லாக்டேட், அதாவது அந்த லாக்டிக் அமிலம், ஏறிக் கிடந்தால் மூளை அதை எரித்துச் சமாளிக்கும். அதனால் ஆளைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கா" என்று முடிவு செய்ய முடியாத நோய் இது.

பணியில் இருந்த இளம் மருத்துவர், லாக்டேட் கலந்த ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டார். அவசரக் கடிதத்தைத் தேடி நான் பைக்குள் கையை விட்டேன், படுத்திருந்தவளே சொன்னாள்: "சார், எனக்கு அது கூடாது. பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ்தான். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசியும் கேட்காது." அவர் கடிதத்தை முழுவதும் படித்தார், வேலூருக்குப் ஃபோன் போட்டார், டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றினார். தெரியாததைக் கேட்டுச் செய்த அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

விடியும் நேரத்தில் 96.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை. இரவு இரண்டு மணி மாவை இனி தானே எழுந்து குடிப்பதாகச் சொல்கிறாள். பிறந்ததிலிருந்து அந்த நேரம் என்னுடையது. ஒரு இரவு தவறினால் வலிப்பு வரலாம், அதற்கு மேலும் போகலாம். அவள் அப்பா முடியவே முடியாது என்றார். அத்தை ஒரு படி மேலே போய், கல்யாணமாகிப் போகும்வரை அம்மாதான் எழுப்ப வேண்டும் என்றார்.

நான் மகள் பக்கம் நின்றேன். இன்னும் மூன்று வருடத்தில் ஏதோ ஒரு ஊரில் ஹாஸ்டலில் இருப்பாள். அங்கே போய் முதல் முதலாகப் பழகுவதைவிட, நான் அடுத்த அறையில் இருக்கும்போதே பழகட்டும்.

நிபந்தனைகள் பேசி எழுதினோம். படுக்கும் முன் மாவை அவளே தராசில் நிறுத்துப் பாட்டிலில் போட்டு வைப்பாள், தண்ணீர் தனியாக. சுடுதண்ணீர் பட்டால் மாவு வெந்து சீக்கிரம் செரித்துவிடும், ஆகவே பச்சைத் தண்ணீர் மட்டும். அலாரம் இரண்டு, ஒன்று தலையணைக்கு அடியில், இன்னொன்று பீரோ மேல். கையில் ஒட்டிய சென்சார் 75க்குக் கீழே இறங்கினால் என் ஃபோனும் கத்தும். இரண்டு பத்துக்குள் குடித்ததற்கான செய்தி வரவில்லையென்றால் நான் கதவைத் தட்டாமல் உள்ளே வருவேன். இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் நீண்ட நேரம் வாதாடினாள். நான் விடவில்லை.

செப்டம்பர் 27, சனி

ஒரு இரவு இரண்டு அலாரத்தையும் அணைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். இரண்டு பத்துக்கு நான் உள்ளே போனேன், சர்க்கரை 81. எழுப்பினேன், குடித்தாள், படுத்தாள். காலையில் திட்டுவேன் என்று எதிர்பார்த்தாள்போல, முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நிபந்தனை எதற்காக இருக்கிறதோ அதைச் செய்தது, அவ்வளவுதான் என்றேன். மாலையில் பீரோ மேல் இருந்த அலாரத்தை அவளே ஹாலுக்கு மாற்றிவிட்டாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

முறுக்கும் ஓட்டுப்பக்கோடாவும் இரண்டு மடங்கு சுட்டோம். அவளுக்கென்று குளுக்கோஸ் பொடி போட்டு அரிசி மாவு உருண்டை பிடித்தேன், சுமாராக வந்தது. நாத்தனார் பையன், ஏழு வயது, ஜாங்கிரியை நீட்டி, "ஒண்ணே ஒண்ணு தின்னா என்ன ஆகும்?" என்று கேட்டான். என்ன ஆகும் என்று நிதானமாகப் படம் போட்டுக் காட்டினாள், கல்லீரலுக்கு ஒரு கதவு வரைந்து. அவன் அப்பாவிடம் ஓடிப்போய் எனக்குக் கதவு இருக்கா என்று கேட்டானாம். நாத்தனார் வெகுநேரம் யோசித்துவிட்டு, இவனுக்கும் அந்த மரபணுப் பரிசோதனையை எங்கே எடுப்பது என்று என்னைக் கேட்டாள். பழுது இருந்தாலும் அவன் உடம்புக்கு ஒன்றுமில்லை, பெரியவனாகிக் கல்யாணம் பேசும்போது தெரிந்திருந்தால் போதும் என்றேன். வேலூர் எண்ணையும் கொடுத்தேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனை நவம்பர் 8. கணக்குத் தேர்வு வருகிறது, ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று அவளே மருத்துவமனைக்குப் ஃபோன் செய்து கேட்டு, 15ஆம் தேதிக்கு மாற்றி வாங்கிவிட்டாள். எனக்குத் தகவல் மட்டும் வந்தது.