ஸ்க்ரீன்ல வளையலை நிஜ சைஸ்ல காட்ட பட்ட பாடு

அக்காவோட வளையல் கடைக்கு ஆன்லைன்ல சைஸ் சார்ட் போடணும், ஸ்க்ரீன் மேலயே வளையலை வச்சுப் பார்த்தா பொருந்தணும், இவ்ளோதான் வேலை. 2-4 சைஸ்னா உள் விட்டம் 2.25 இன்ச், 57 மி.மீ சொச்சம். இங்க்ஸ்கேப்ங்குற வரையுற சாஃப்ட்வேர்ல வட்டம் போட்டு பிஎன்ஜி படமா எடுத்தாச்சு. தானா வர்ற 96 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 96 பிக்சல் கணக்குல, 216 பிக்சல். லேப்டாப்ல 100%ல திறந்து மேல வளையலை வச்சா படம் உள்ளுக்குள்ளயே அடங்கிடுச்சு, 39 மி.மீ கூட இல்ல!

லேப்டாப் கம்பெனி கஸ்டமர் கேர்ல கேட்டா "ஃபுல் எச்டி சார்"ங்குறாங்க. அது தெரியும்ங்க, ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல்னு கேட்டா "96 சார்"னு வச்சுட்டாங்க. செம கடுப்பு. அந்த 96 சாஃப்ட்வேர் தன் கணக்குக்கு வச்சிருக்குற நம்பர், நம்ம பேனலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சரி, ரெசொல்யூஷன் காட்டுற சைட் ஒன்னுல பார்த்தா 1536 x 864ங்குது. டிஸ்ப்ளே ஸ்கேலிங், அதாவது எல்லாத்தையும் பெருசாக்கிக் காட்டுற செட்டிங், 125%ல இருந்தா பிரவுசர் 1920ஐ 1.25ஆல வகுத்துத்தான் சொல்லும், அதை நம்பி கணக்கு போட்டுடாதீங்க. லினக்ஸ்ல எக்ஸ்ரேண்டர்ங்குற கமாண்ட் ஸ்க்ரீனோட மி.மீட்டர்லயே அளவு காட்டும்தான், ஆனா சில டிவியை மாட்டினா 160 x 90 மி.மீன்னு வரும், அது வெறும் 16:9 விகிதம், அளவே இல்ல.

அதனால அளந்துடுங்க. வெள்ளைப் படம் ஒன்னை ஃபுல் ஸ்க்ரீன்ல போட்டு, ஓரத்து கறுப்பு பார்டரை விட்டுட்டு, வெளிச்சம் வர்ற அகலத்துக்கு மட்டும் ஸ்டீல் ஸ்கேல் வைங்க. எனக்கு 34.4 செ.மீ வந்துச்சு. 1920ஐ 34.4ஆல வகுத்து 2.54ஆல பெருக்கினா 141.8. எக்ஸ்போர்ட் டிபிஐல அதையே போட்டேன், 319 பிக்சல் வந்துச்சு, வளையலை வச்சா உள் விளிம்பு கோட்டோட சுத்திலும் ஒட்டி நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு!

பிரவுசர்ல மட்டும் படம் பெருசாச்சு, அதே 125% வேலைதான். வெப் பக்கத்துல படத்தோட அகலத்தை, 319ஐ 1.25ஆல வகுத்து, 255ன்னு கொடுத்ததும் சரியாச்சு. இன்னொன்னு, பிஎன்ஜிக்குள்ள டிபிஐ நம்பரை மட்டும் மாத்துனா பிரிண்ட்டுக்குத்தான் ஆகும், ஸ்க்ரீன்ல பிக்சல் எண்ணிக்கையே மாறணும்.

கஸ்டமர் போனை நாம அளக்க முடியாதே, அதுக்கு சார்ட் பக்கத்துல ஒரு ஸ்லைடர் வச்சுட்டேன். ஏடிஎம் கார்டு எந்த பேங்க்ல வாங்கினாலும் 85.6 மி.மீ அகலம், அதை ஸ்க்ரீன்ல வச்சு கட்டத்தை அந்த அளவுக்கு இழுத்தாப் போதும், மீதி கணக்கை பக்கமே போட்டுக்கும். கார்டு நம்பர் பக்கத்தைக் கீழ பார்த்து வைக்கச் சொல்லுங்க.