அரைப் புள்ளிக்காகக் கொடுத்த சிப்பாய்

என்னைவிட 100 ரேட்டிங் புள்ளிகள் (ஆட்டக்காரரின் வலிமையைக் காட்டும் எண்) அதிகமுள்ள ஒருவருடன் அண்மையில் ஒரு சதுரங்கப் போட்டியில் ஆடிய ஆட்டம் டிராவில் முடிந்தது. எனக்குக் கருப்புக் காய்கள். குயின்ஸ் காம்பிட் டிக்ளைன்ட் என்ற தொடக்க முறையில் தொடங்கிய ஆட்டத்தின் முதற்பகுதியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை. நடுவில்தான், என் பிஷப் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் முடங்கிக் கிடக்க, எல்லாக் காய்களையும் வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல நசுங்குவதா, ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு ராஜா, சிப்பாய்களோடு யானைகள் மட்டும் மிஞ்சும் எண்ட்கேமுக்கு, அதாவது இறுதிக்கட்டத்துக்குப் போவதா என்ற கேள்வி எழுந்தது. நான் சிப்பாயைக் கொடுத்தேன்.

கடைசியில் அவரிடம் ஒரு யானையும் ஒரு சிப்பாயும், என்னிடம் ஒரு யானையும் இருந்தன. அவருடைய ராஜா டி5-இலும், சிப்பாய் இ5-இலும், யானை எச்7-இலும் நின்றன (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசையையும், எண் வெள்ளையின் பக்கமிருந்து எண்ணும் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). என் ராஜா இ8-இல் சிப்பாயின் வழியை மறிக்க, என் யானை ஏ6-இல் காவலிருந்தது. பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777-லேயே விளக்கிய தற்காப்பு இது. ஆறாம் வரிசையை என் யானை காக்கும்வரை வெள்ளை ராஜா அங்கே கால்வைக்க முடியாது. ஆகவே சிப்பாய்தான் முன்னேற வேண்டும். அது இ6-க்கு வந்துவிட்டால், பின்னாலிருந்து வரும் செக்குகளிலிருந்து ராஜா ஒதுங்கியிருக்கக்கூடிய ஒரே மறைவிடத்தை அதுவே அடைத்துவிடுகிறது.

அவர் உடனே தள்ளவில்லை. யானையை எச்7-க்கும் ஜி7-க்கும் நகர்த்திப் பொறுமையைச் சோதித்தார். நானும் ஏ6, பி6 என்று நகர்ந்துகொண்டிருந்தேன். ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் நான் டிரா கோரலாம் என்பதாலோ என்னவோ, சிப்பாயை இ6-க்குத் தள்ளினார். என் யானை அக்கணமே ஏ1-க்கு இறங்கியது. ராஜா டி6-க்கு வந்தால் டி1-லிருந்து செக், இ5-க்குத் திரும்பினால் இ1-லிருந்து செக். யானையை விரட்டக் கீழே இறங்கினாலோ சிப்பாய் பறிபோகும். நகர்வுக்கு 30 வினாடி கூடும் ஆட்டம் என்பதால், கடிகாரத்தைக் காட்டி என்னை வெல்லவும் வழியில்லை. (கூடுதல் நேரமில்லாத ஆட்டமாக இருந்தால் நான் சிப்பாயைக் கொடுத்திருக்கவே மாட்டேன்.)

சில செக்குகளுக்குப் பிறகு, காயை நகர்த்தி, டிரா கேட்டு, கடிகாரத்தை அழுத்தினார். ஸ்கோர்ஷீட்டில் சமக்குறியிட்டுக் கைகுலுக்கினோம்.

இத்தகைய ஆட்டங்களைச் சப்பென்று போனவை என்பார்கள். ரேட்டிங் கணக்கு அப்படிப் பார்ப்பதில்லை: 100 புள்ளி இடைவெளியில் என்னிடம் எதிர்பார்க்கப்பட்டது 0.36, டிராவால் கிடைத்தது 0.5, அந்த வித்தியாசத்தைப் பெருக்கும் கே எண் 20 என்பதால் எனக்கு 2.8 ரேட்டிங் புள்ளிகள் கூடின.